பின்சக்கரம் போய்விட்டதா? கடைக்கு வருமுன் இதைப் படித்துவிடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளேயே மோட்டார் இருக்கும் எலக்ட்ரிக் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நம் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் வாசலிலேயே கேட்பது, "மோட்டார் போயிடுச்சுங்க, புது வீல் போட எவ்வளவு ஆகும்?" என்றுதான். நாங்கள் உடனே விலை சொல்வதில்லை. "வண்டியையே கொண்டு வாங்க, பார்த்துட்டுச் சொல்றோம்" என்கிறோம். சில வேலைக்கு மூன்று நாள் கேட்கிறோம். ஒடிந்த போக்ஸ் கம்பியை மட்டும் மாற்றித் தரச் சொன்னால், சில நேரம் முடியாது என்றும் சொல்லிவிடுகிறோம். இதில் சிலருக்கு வருத்தம் இருப்பது தெரியும். காரணத்தை நாங்கள் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

போன மாதம் சிங்காநல்லூர் பக்கமிருந்து ஒருவர் வந்தார். மில்லில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர். ஆக்சிலேட்டரைத் திருகினால் சக்கரம் கர்ர் என்று உதறுகிறது, நகரமாட்டேன் என்கிறது. வேறொரு இடத்தில் காட்டியதற்கு மோட்டார் எரிந்துவிட்டது, முழுச் சக்கரமும் மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். நான்கு நாளாக மிதித்தே வேலைக்குப் போயிருக்கிறார்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, மோட்டாரிலிருந்து வரும் ஒயரின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே 9 ஊசிகள். அதில் மெல்லிய ஊசி ஒன்று பச்சைப் பூத்துப் போயிருந்தது. மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. இந்த மோட்டாருக்குள் ஹால் சென்சார் என்று மூன்று சிறு சில்லுகள் உண்டு. காந்தம் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலருக்குச் சொல்வது அவைதான். மூன்றில் ஒன்றின் சேதி வராவிட்டாலும் கன்ட்ரோலர் தடுமாறும், சக்கரம் உதறும். ஊசியைச் சுத்தம் செய்து, 5 வோல்ட் மின்சாரம் கொடுத்து, சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றினோம். மீட்டரில் மூன்று சேதியும் ஒழுங்காக மாறி மாறி வந்தன. ஆக, மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மோட்டாருக்குள் பழுதாகக்கூடியது எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே விர்ரென்று சுற்றும் சத்தம் கேட்கிறது, சக்கரம் மட்டும் நகரவில்லை என்றால் நைலான் பல்சக்கரம் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும். அதை மட்டும் மாற்றலாம். பம்ப்செட்டுக்குப் பேர்போன கோயம்புத்தூரில் இருக்கிறோம் அல்லவா, அதனால் "காயில் கட்டிக் கொடுத்திருங்க", அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றிக் கொடுங்கள், என்று கேட்பவர்களும் உண்டு. காயில் கருகியிருந்தால் மூடியைத் திறந்ததுமே வார்னிஷ் தீய்ந்த வாடை மூக்கில் ஏறும். ஆனால் இந்த மோட்டாரில் மெல்லிய கம்பிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, இடுக்கான பள்ளங்களில் சுற்றியிருப்பார்கள். கையால் திரும்பச் சுற்றலாம்தான், ஆனால் கூலிக்குக் கட்டுப்படியாகாது. அந்த ஒரு நிலையில் மோட்டாரையே மாற்றுவதுதான் சரி.

அப்புறம் போக்ஸ் கம்பி விஷயம். அந்த மில்காரரின் வண்டி ஸ்டாண்டில் இருந்தபோதே சக்கரத்தைச் சுற்றி விட்டோம். ரிம் பாம்புபோல நெளிந்தது. செயின் பக்கம் மூன்று போக்ஸ் கம்பிகள் ஒடிந்து தொங்கின. மூன்றும் ஹப்பில் மாட்டும் வளைவிலேயே ஒடிந்திருந்தன. ஒடிந்த முனை ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினோம். பாதி முகம் பழுப்பாகத் துருவேறியிருந்தது, மீதிப் பாதி பளபளவென்று இருந்தது. துருவேறிய பாதியில் விரிசல் விட்டு ரொம்ப நாள் ஆகியிருக்கிறது. பளபளக்கும் பாதிதான் இப்போது ஒடிந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியதால் ஒடிந்தது என்று அவர் நினைத்திருந்தார். வேகத்தடை கடைசித் தட்டுத்தான் தட்டியது.

சாதாரண சைக்கிளின் ஹப் உள்ளங்கைக்குள் அடங்கும். மோட்டார் ஹப் ஒரு சின்னத் தூக்குப்போசி அகலம், எடையோ மூன்று கிலோ அளவுக்கு வரும். ஹப் பெரிதானால் போக்ஸ் கம்பி குட்டையாகிவிடும், ரிம்முக்குள் சாய்வாக நுழையும். சாதாரண சைக்கிளில் கட்டுவதுபோல மூன்று குறுக்குப் போட்டு, அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் கடந்து போகும்படி கட்டினால், ரிம்மில் கம்பியைப் பிடிக்கும் நிப்பிள் பக்கத்தில் கம்பி மடங்கியே நிற்கும். அதனால்தான் நாங்கள் ஒரே குறுக்குப் போட்டுக் கட்டுகிறோம். இன்னொன்று, தடிமனான கம்பிதான் பலம் என்ற எண்ணம். பல வண்டிகளில் 12 கேஜ் கம்பி வருகிறது, 2.6 மில்லிமீட்டர். அந்தத் தடிமனுக்கு ஏற்ற முறுக்கு, அதாவது இறுக்கம், ஏற்றினால் மெல்லிய ரிம் தாங்காது. ஏற்றாமல் விட்டால் கம்பி தளர்வாக நிற்கும். நாங்கள் பெரும்பாலும் 13 கேஜ் போடுகிறோம், 2.3 மில்லிமீட்டர். மெலிந்ததுதான், ஆனால் நன்றாக முறுக்கேறி நிற்கும்.

முறுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? சக்கரம் சுற்றும்போது தரையை நோக்கி வரும் போக்ஸ் கம்பிகள் தளர்கின்றன, மேலே போனதும் மறுபடி இறுகுகின்றன. 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 480 சுற்றுச் சுற்றும். தினம் 20 கிலோமீட்டர் போனால் ஒவ்வொரு கம்பியும் 9,600 தடவை தளர்ந்து இறுகுகிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் பட்டென்று ஒடியுமே, அதேதான் இங்கே மெதுவாக நடக்கிறது. மூன்று ஒடிந்த சக்கரத்தில் மீதி 33 கம்பிகளும் அதே அளவு மடங்கி நிமிர்ந்தவைதான். முன்பெல்லாம் நாங்களும் ஒடிந்ததை மட்டும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதே சக்கரங்கள் சில வாரங்களில் திரும்பி வந்தன. அதில் ஒருவர் நடுவழியில் விழுந்து முழங்கையில் தையல் போட்டுக்கொண்டார். அன்றோடு அந்த வேலையை நிறுத்திவிட்டோம். முதல் கம்பி ஒடிந்ததும் வந்தால் அதை மாற்றி, எல்லாவற்றுக்கும் முறுக்கு ஏற்றித் தருவோம். மூன்று ஒடிந்துவிட்டால் 36-ஐயும் மாற்றுவோம். இதில் மட்டும் பேரம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மில்காரருக்கு அவருடைய பழைய மோட்டாரையே புது ரிம்மில் கட்டிக் கொடுத்தோம். கூலி சேர்த்தும், அவரிடம் முன்பு சொல்லியிருந்த விலையில் பாதிகூட ஆகவில்லை.

முழுச் சக்கரமும் மாற்ற வேண்டிய நிலையும் வரும். ஹப்பில் போக்ஸ் துளைக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருந்தால், அல்லது அச்சின் தட்டைப் பக்கம் மழுங்கியிருந்தால் வேறு வழியில்லை. அப்போது வோல்ட், கனெக்டரின் ஊசி எண்ணிக்கை, பின் ஃபோர்க்கின் அகலம், டிஸ்க் பிரேக்கா ரிம் பிரேக்கா, ஃப்ரீவீல் வகை என்று எல்லாம் பொருந்த வேண்டும். வேறு தயாரிப்பு மோட்டார் என்றால் ஒயர் நிறத்தை நம்ப முடியாது. மூன்று மின்சார ஒயரையும் மூன்று சென்சார் ஒயரையும் 36 விதமாக இணைக்கலாம். அதில் சக்கரத்தைச் சரியாக முன்னால் ஓட்டுபவை மூன்றே மூன்று. அதனால்தான் அதே கம்பெனி மோட்டார் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறோம்.

"மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 750 வாட்டாகப் போட்டுவிடுங்களேன்" என்று கேட்டால் போட மாட்டோம். 250 வாட்டுக்குள்ளும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ளும் இருப்பதால்தான் இந்த வண்டிக்குப் பதிவும் லைசென்ஸும் கேட்பதில்லை. அதைத் தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். பழைய பேட்டரியும் அந்த இழுப்பைத் தாங்காது.

பஞ்சர் ஒட்டப் போகும்போது ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். சக்கரத்தைக் கழற்றுமுன் அச்சின் இரண்டு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சைப் பின்னால் முறுக்கும். அதைத் தடுப்பது மூக்குவைத்த ஒரு வாஷர். அந்த மூக்கு ஃபோர்க்கின் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டாலோ நட்டைத் தளர்வாக விட்டாலோ அச்சே சுற்றி, உள்ளே போகும் ஒயரைத் திருகி அறுத்துவிடும். ஒயர் அச்சைவிட்டு வெளியே வந்ததும் கீழ்நோக்கித் தொங்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் உள்ளே இறங்காது. கனெக்டரைச் செருகும்போது இரண்டு முனையிலும் உள்ள அம்புக்குறி நேருக்கு நேர் இருக்கட்டும். கேஸ் சிலிண்டரைக் கேரியரில் கட்டிக்கொண்டு போவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நிரம்பிய சிலிண்டர் 30 கிலோ, அத்தனையும் பின்சக்கரத்தின் தலையில்தான் இறங்கும்.

வாரண்டி இருக்கும் வண்டி என்றால் மோட்டார் மூடியை யாரையும் திறக்க விடாதீர்கள், எங்களையும்தான். வெளியிலிருந்து சோதித்துப் பார்த்ததை எழுதித் தருகிறோம், அதைக் கம்பெனிக்காரர்களிடம் காட்டுங்கள்.

வரும்போது பேட்டரி, சாவி, சார்ஜர் மூன்றையும் கொண்டு வாருங்கள். சக்கரத்தை மட்டும் கொண்டு வந்தால் எங்களால் பாதிதான் பார்க்க முடியும். போக்ஸ் புதிதாகக் கட்டிய சக்கரம் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை வர வேண்டும். கம்பிகள் அதற்குள் இடம் பார்த்து உட்கார்ந்திருக்கும். முறுக்குப் பார்த்துக் கோட்டம் எடுத்துத் தருகிறோம். அதற்குக் காசு கிடையாது, கால் மணி நேர வேலைதான்.

அன்புடன்,
கடையிலிருந்து