வவுச்சர் இல்லாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நாவல் படிப்பது நேரத்தை வீணாக்கும் வேலை, நடந்ததை நடந்தபடி சொல்லும் புத்தகங்களே போதும் என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. போன வருடம் வரை அந்தக் கடிதத்தை நானே எழுதியிருப்பேன். இன்னும் கொஞ்சம் கடுமையாகவே எழுதியிருப்பேன்.

நான் 31 ஆண்டுகள் கணக்குத் தணிக்கைப் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். என் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் சம்பளப் பட்டியல்களும் பயணப்படி பில்களும்தான். வவுச்சர் இருந்தால் ஒரு டிக், இல்லையென்றால் ஆட்சேபணை. வீட்டில் புத்தகம் படிக்கும்போதும் அந்தப் புத்தி போகவில்லை. தன்வரலாறு, நாட்குறிப்பு, பயண நூல் தவிர வேறு எதையும் தொடமாட்டேன். கையில் பென்சில் இருக்கும். பன்னிரண்டாம் பக்கத்துத் தேதியும் நூறாம் பக்கத்துத் தேதியும் இடித்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவேன். நாவல் படிப்பது என் மனைவியின் வேலை. ஒரே அலமாரியில் மேல் தட்டு என்னுடையது, கீழே இருக்கும் மூன்று தட்டும் அவளுடையவை. இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் குனிந்ததில்லை.

போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றுக்கு அறுவை செய்து, இடைவெளி விட்டு இன்னொன்றுக்கும் செய்து, புதுக் கண்ணாடி வரும்வரை எழுத்துக் கூட்டிப் படிப்பதே பெரும்பாடாகிவிட்டது. நாலு நாள் சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்கப் பொறுக்காமல் மனைவி ஓர் ஒப்பந்தம் போட்டாள். "தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் படிச்சுக் காட்டுறேன். ஆனா ஒரு புத்தகம் உங்களோடது, அடுத்தது என்னோடது. என்னோடது ஓடும்போது தூங்கக் கூடாது." வேறு வழி? சரி என்றேன்.

முதல் முறை என்னுடையது. பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறு, 'என் சரித்திரம்'. 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்து, 1942-இல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றுபோன புத்தகம். நின்றுபோனதே 122 அத்தியாயம். நான் முன்பே இரண்டு தடவை படித்ததுதான். தேர்ந்தெடுத்ததில் கொஞ்சம் விஷமமும் உண்டு: இவ்வளவு நீளமாக இருந்தால் அவள் முறை வருவதற்குள் எனக்குக் கண் தெளிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு தப்பியது. அவள் வாசிக்க வாசிக்க, நான் இரண்டு தடவை படித்ததாகச் சொன்ன புத்தகம் இதுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் போய்ப் பார்க்கிற இடம் நினைவிருக்கும். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அப்புறம், சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். முன்பு படித்தபோது நான் பென்சிலால் '1880' என்பதைச் சுழித்து, பக்கத்தில் '1887 சிந்தாமணி அச்சு, இடையில் 7 ஆண்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியிருக்கிறது. என் மனைவியோ அந்தப் பட்டியலை வாசிக்கும்போது குரலை மெல்ல மெல்லத் தாழ்த்திக்கொண்டே போனாள். கற்றதையெல்லாம் கடைவிரித்தும் எதிரே இருப்பவர் அசையாதபோது ஒருவனுக்குத் தொண்டை வறளுமே, அது கேட்டது.

ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கடைசி நேரம் வந்த அன்று ஒரு மணி நேரக் கெடு மறந்துபோயிற்று. திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை மாணவர் வாசிக்க, ஆசிரியர் கேட்டுக்கொண்டே போய்விடுகிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த நானும், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த அவளும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவள் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: "இதை நாவல் இல்லைன்னு யார் உங்ககிட்டச் சொன்னது?"

அடுத்து அவள் முறை. அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சின்னப் புத்தகம், என் புத்தகத்தின் நீளத்துக்குப் பதிலாக அவள் காட்டிய இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். குழாயில் தண்ணீர் வராத ஒரு தெரு, குடத்தோடு அலைகிற பெண்கள், ஜமுனா, அவள் தங்கை சாயா. பழக்கதோஷத்தில் நான் குடங்களை எண்ண ஆரம்பித்தேன். டீச்சரம்மா தன் வாழ்க்கையை ஜமுனாவிடம் எடுத்துச் சொல்லும் இடத்தில் எண்ணிக்கை விட்டுப்போனது. திரும்ப எண்ணவில்லை. இதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அந்த நாவலே அதிகம் சொல்வதில்லை.

இனி உப்பைப் பற்றிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் எழுதத் தோன்றியதே அதனால்தான்.

என் அடுத்த முறைக்குத் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' எடுத்துக் கொடுத்தேன். 1997-இல் வந்த கட்டுரைகள். அதில் உப்பைப் பற்றி எழுதும்போது, உப்பு என்ற சொல்லுக்கு முதலில் சுவை என்றுதான் பொருள் என்கிறார். இனிப்பு, கசப்பு, துவர்ப்பு எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. அப்புறம் போகிறபோக்கில் 'சம்பளம்' என்ற சொல்லைப் பிரிக்கிறார். சம்பா என்றால் நெல், அளம் என்றால் உப்பு. பழைய காலத்தில் வேலைக்குக் கூலியாக நெல்லும் உப்பும் கொடுத்ததன் மிச்சம் அந்தச் சொல்.

மனைவி வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. 31 வருடம், மாதா மாதம், கட்டுக்கட்டாகச் சம்பளப் பட்டியல். அடிப்படை ஊதியம், படி, பிடித்தம் என்று ஒவ்வொரு கட்டமாகக் கூட்டிச் சரிபார்த்திருக்கிறேன். தலைப்பில் இருந்த சொல்லை ஒரு நாளும் பார்த்ததில்லை. (சொல்லாராய்ச்சிக்கு வவுச்சர் கேட்க முடியுமா என்ற யோசனையும் ஒரு ஓரத்தில் ஓடியது. கேட்கவில்லை.)

மறுவாரம் அவள் எடுத்தது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. உப்பு என்று கேட்டதும் கீழ்த்தட்டில் தேடி எடுத்திருக்கிறாள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். அந்த மக்களிடையே போய் இருந்து, பார்த்துக் கேட்டு எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். பொன்னாச்சி என்ற பெண் அளத்துக்கு வேலைக்குப் போகிறாள். முந்தின வாரம் ஒரு சொல்லின் பாதியாக இருந்த அளம் இப்போது பாத்தி பாத்தியாக விரிந்து, காலை அரித்து, வெயிலில் வெண்மையாக எரிந்து கண்ணைக் கூசவைத்தது. எனக்கோ அறுவை செய்த கண். வாசல் வெளிச்சமே தாங்காமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சாய்வு நாற்காலியில் சொகுசாகக் கிடந்து இதைக் கேட்கிறேன். அந்தப் பெண்களுக்குக் கறுப்புக் கண்ணாடி யார் கொடுத்தது?

பொன்னாச்சிகளின் கூலிக்கும் எங்கோ ஒரு பட்டியல் இருந்திருக்கும். அதில் பெயர், நாள், தொகை, கைநாட்டு எல்லாம் சரியாக இருந்தால் என்னைப் போன்ற ஒருவன் டிக் போட்டு அனுப்பியிருப்பான். தணிக்கைக்காரனால் முடிந்தது அவ்வளவுதான். பதிவானதைச் சரிபார்க்கலாம். நடந்தும் பதிவாகாததைப் பார்க்க எங்களுக்கு எந்த விதியிலும் இடமில்லை. அளத்தில் ஒரு பெண் எதற்குப் பயந்தாள், யாரிடம் எதைச் சொல்லாமல் விழுங்கினாள் என்பதற்கு வவுச்சர் கிடையாது. அதைத் தேடிப் போக ராஜம் கிருஷ்ணனுக்கு நாவல்தான் தேவைப்பட்டிருக்கிறது. அதே சமயம், தொ.ப. முந்தின வாரம் அந்தச் சொல்லை உடைத்துக் காட்டாமல் இருந்திருந்தால் இந்த நாவலை நான் இப்படிக் கேட்டிருக்கமாட்டேன். ஒருவேளை தூங்கியிருப்பேன்.

நாவலில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. உரிமை, சங்கம் என்று பேச்சு நீளும் இடங்களில், ஆசிரியர் பாத்திரங்களைக் கொஞ்சம் தள்ளிவிட்டுத் தானே முன்னால் வந்து பேசுவதாக எனக்குப் பட்டது. மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "வாயே திறக்காதவங்க பேச ஆரம்பிச்சா நீளமாத்தான் பேசுவாங்க" என்றாள். அந்த ஆட்சேபணையை முடித்துவைக்க முடியாமல் நிலுவையில் வைத்திருக்கிறேன்.

அதன்பிறகு இருவருமே வேண்டுமென்றே ஜோடி தேட ஆரம்பித்தோம். நான் வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயண'த்தை எடுத்தேன். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன்மீது ஜப்பான் விமானங்கள் முதல் குண்டுகளைப் போட்டதிலிருந்து அங்கிருந்த இந்தியர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டம் கூட்டமாக இந்தியாவை நோக்கிக் கிளம்பியவர்களில் சர்மாவும் அவர் மனைவியும் உண்டு. பதற்றமில்லாத, நிதானமான எழுத்து. எனக்கு மிகவும் பிடித்த வகை. வாசித்து முடித்ததும் என் மனைவி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கூடவே நடந்தாங்களே அந்த அம்மா, அவங்க எழுதியிருந்தா எப்படி இருந்திருக்கும்?" என்னிடம் பதில் இல்லை.

பதிலுக்கு அவள் வைத்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. அதே போர், அதே ஜப்பானியர். இடம் மட்டும் இன்றைய இந்தோனேசியாவின் மெடான், மலேசியாவின் பினாங்கு. இரண்டே நாவல்கள் எழுதியவர் சிங்காரம். பாண்டியன் குடிக்கிறான், ஊரை நினைக்கிறான், பழைய இலக்கியங்களையெல்லாம் இழுத்து வைத்துக் கேலி செய்கிறான், துப்பாக்கி எடுக்கிறான். மலாய்ச் சொல்லும் டச்சுத் தெருப்பெயரும் மாறி மாறி வந்து அவள் நாக்கு பத்து இடத்தில் தடுக்கியது. நான் மட்டும் வட்டிக்கடைகள் வரும் பக்கங்களில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பெட்டியடி, மேலாள், அடுத்தாள் என்று கல்லாவும் கணக்கும் பார்க்கிறவர்களின் உலகம், எனக்குச் சொந்தக்கார உலகம். நாவலில் கணக்குப்பிள்ளைகள் இவ்வளவு உயிரோடு உலவுவார்கள் என்று தெரிந்திருந்தால் எப்போதோ குனிந்து அந்தத் தட்டைப் பார்த்திருப்பேன்.

இப்போது புதுக் கண்ணாடி வந்துவிட்டது. எழுத்து நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் சாயங்கால வாசிப்பை நிறுத்தவில்லை. அவளுக்குத் தொண்டை கட்டினால் நான் வாசிக்கிறேன். பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாற்றத் தெரியவில்லை, தணிக்கை அறிக்கை வாசிப்பதுபோல் இருக்கிறது என்று புகார்.

கடிதம் எழுத உட்கார்ந்ததால் ஒரு சின்ன ஆட்சேபணையையும் சேர்த்துவிடுகிறேன். பழக்கம் விடமாட்டேன் என்கிறது. பழைய நூல்களை மறுபதிப்பு செய்கிறவர்கள் பலர் தங்கள் பதிப்பின் ஆண்டை மட்டும் போட்டு, முதலில் எந்த ஆண்டு வந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய நாவலை நேற்று எழுதியதாக நினைத்து இளைஞர்கள் படிக்க நேர்கிறது. கட்டுரை நூல்களில் பலவற்றுக்குக் கடைசியில் பெயர், பொருள் அகராதி கிடையாது. ஒரு விஷயத்தைத் திரும்பத் தேட வேண்டுமென்றால் முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும். உங்கள் மதிப்புரைப் பகுதியில் விலையையும் பக்க எண்ணிக்கையையும் போடும் இடத்திலேயே முதற்பதிப்பு ஆண்டையும் போட்டால் உபகாரமாக இருக்கும்.

அந்த வாசகருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் மேல் தட்டை விட்டுக்கொடுக்க வேண்டாம். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த வாரத்துக்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு ஜோடியாக அவள் எதை வைக்கப்போகிறாள் என்று நாலு நாளாகக் கேட்கிறேன், வாயைத் திறக்கவில்லை. நேற்றுக் காலையில் கீழ்த்தட்டின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என் பென்சில் அவள் காதில் செருகியிருந்தது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர்