உருளும் முட்செடியைக் காயும் முன் பிடுங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க மேற்கின் அடையாளமாகக் காட்டப்படும் உருண்டோடும் முட்செடி (டம்பிள்வீட்) அந்த மண்ணுக்குரியதே அல்ல. 1870-களில் ரஷ்யப் பகுதியிலிருந்து வந்த ஆளிவிதையோடு கலந்து தெற்கு டகோட்டாவில் இறங்கியது. தரிசு வயல், ரயில் பாதையோரம், உவர் நிலம் என மண் கிளறிக் கிடக்கும் இடமெல்லாம் முளைக்கும். புல் அடர்ந்த இடத்தில் தலையெடுப்பது அரிது.

காய்ந்து குவிந்த செடிகளை அகற்றுவதிலேயே எல்லோரும் மும்முரமாக இருக்கிறார்கள். அது காலம் கடந்த வேலை. முதிர்ந்ததும் தண்டு தரைமட்டத்தில் முறிந்து, உருளும் வழியெல்லாம் விதையைச் சிந்திவிடுகிறது. பெரிய செடி ஒன்றில் 2 லட்சம் விதைகள்கூட இருக்கும்!

இளஞ்செடியின் இலை நூல்போல் மெலிந்து மிருதுவாக இருக்கும், தண்டில் செங்கோடுகள் ஓடும். அப்போதே, பூக்கும் முன், ஈர மண்ணில் வேரோடு பிடுங்க வேண்டும். மேலாக அறுத்தால் அடிக்கிளைகள் தரையோடு படர்ந்து பூத்துவிடும். களைக்கொல்லியும் நாற்றுப் பருவத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு மசியாத செடிகளும் வந்துவிட்டன.

நம்பிக்கைக்கும் இடமுண்டு: மண்ணில் விழுந்த விதைகளில் பெரும்பாலானவை 2 ஆண்டுக்கு மேல் உயிரோடிருப்பதில்லை. அந்த இடைவெளியில் புதிய விதை விழாமல் காத்து, வெற்று நிலத்தில் உள்ளூர்ப் புல்லை விதைத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
களைக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள்