டெல்லிக்கு ஆகாத வண்டி எண்ணூருக்கு மட்டும் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வண்டிப் புகைக்கு நாடு முழுக்க ஒரே சட்டம்தானே, அப்புறம் மாநிலத்துக்கு மாநிலம் என்ன வித்தியாசம் என்று போன வாரம் உங்கள் பேப்பரில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். காகிதத்தில் பார்த்தால் அவர் சொல்வது சரி. வண்டிப் புகைக்கு மத்திய அரசு வைத்த அளவுதான் பி.எஸ்., அதாவது பாரத் ஸ்டேஜ்; எண் ஏற ஏற அளவு கடுமையாகும். 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 4, 2020 ஏப்ரல் 1 முதல் நேராக பி.எஸ். 6, புது வண்டியைக் காஷ்மீரில் விற்றாலும் கன்னியாகுமரியில் விற்றாலும் அதுதான் அளவு. ஆனால் அவர் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் திருவொற்றியூர் பக்கம் வந்து ரோட்டோரமாக நின்று பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு அந்த ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகத்துக்கும் போகிற கண்டெய்னர் லாரிகள் நிறைய இந்தப் பக்கமாகத்தான் போய் வருகின்றன. மொட்டை மாடியில் துணி காயப்போடும் முன் கொடிக்கயிற்றைத் துடைத்தாக வேண்டும், துடைத்த துணி அடுப்படிக் கரித்துணியை விடக் கறுப்பாக இருக்கும். லாரி வரிசை அரை மணி நேரம் அசையாமல் நிற்கும், பிறகு நகரும்போது டிரைவர் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதிப்பார் பாருங்கள், பக்கத்தில் ஸ்கூட்டர் முன்னால் நிற்கிற சின்னப் பிள்ளையின் முகம் அந்தப் புகைக்குள் ஒரு நொடி காணாமல் போய்விடும். நம்பர் பிளேட்டைப் பார்த்தால் தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா, நாகாலாந்து. நாகாலாந்து நம்பர் லாரி நாகாலாந்தைக் கண்ணால் கூடப் பார்த்திருக்காது, வரி குறைவு என்று அங்கே பதிகிறார்கள் என்று டீக்கடையில் டிரைவர்களே சொல்வார்கள்.

இதில் பாதி வினை பழைய கதையிலிருந்து வருவது. 2010-லேயே சென்னை உட்பட 13 நகரங்களுக்கு பி.எஸ். 4 வந்துவிட்டது, மற்ற ஊர்களுக்கு பி.எஸ். 3 போதும் என்றார்கள். அதாவது ஏழு வருஷம் சென்னைக்கு ஒரு சட்டம், பக்கத்து ஊருக்கு ஒரு சட்டம். டீசலிலும் அப்படித்தான், பி.எஸ். 4 டீசலில் கந்தகம் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரைதான் இருக்கலாம், பி.எஸ். 3-ல் 350 வரை. வெளியூரில் பதிந்து, வெளியூர் டீசலைப் போட்டுக்கொண்டு நேஷனல் பர்மிட்டில் வருகிற லாரி எந்த ஊர்ச் சட்டத்தைப் பார்க்கும்? அப்போது விற்ற பி.எஸ். 3 லாரிகள் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பெரிய டீசல் எஞ்சினில் புகைத்துகள் அளவு பி.எஸ். 3-க்கு 0.10 கிராம் என்றால் பி.எஸ். 6-க்கு 0.01 கிராம், ஒரே அளவு வேலைக்குப் பத்தில் ஒரு பங்கு.

சரி, டெல்லிக்கு வருவோம். பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது 2015-ல், உச்ச நீதிமன்றமும் 2018-ல் அதையே உறுதி செய்தது. 2025-ல் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், அது வேறு கதை. இந்தப் பத்து வருஷத்தில் அந்த வண்டிகளெல்லாம் எங்கே போயின? எங்கள் தெருவிலேயே ஒன்று நிற்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டு வருஷம் முன்னால் டெல்லி வண்டி, விலை சல்லிசு என்று ஒரு டீசல் காரை வாங்கி வந்தார். அங்கே தடையில்லாச் சான்று, இங்கே சாலை வரி, புது நம்பர், முடிந்தது. டெல்லியில் குப்பையாகிப் போனது வட சென்னையில் கல்யாணத்துக்கும் காட்சிக்கும் போய் வருகிறது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், சட்டப்படி வாங்கியிருக்கிறார். டெல்லிக்காரர் நுரையீரலுக்கு ஆகாத புகை எங்கள் நுரையீரலுக்கு எப்படி ஆகும் என்பதுதான் என் கேள்வி.

என் மைத்துனர் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே மத்திய அரசு வைத்த அளவை விடக் கடுமையாக கலிபோர்னியா தனக்கென்று ஒரு அளவு வைத்துக்கொள்ள சட்டத்திலேயே இடம் உண்டாம், மற்ற மாநிலங்கள் அந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். அதிலும் இப்போது அவர்களுக்குள் சண்டை. நம் ஊரில் அளவு வைப்பது மத்திய அரசு. மாநிலத்தின் கையில் இருப்பது சோதனை ஒன்றுதான்.

அந்தச் சோதனை லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். போன தடவை என் ஸ்கூட்டருக்குப் பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கப் போனேன். அந்த ஆள் டியூபை சைலன்சரில் சொருகினார், கேமராவில் நம்பர் பிளேட்டைப் பிடித்தார், பணத்தை வாங்கினார், சர்டிபிகேட்டை நீட்டினார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லவே இல்லை! கார்பன் மோனாக்சைடு அளவு மட்டும் தசம புள்ளியோடு அச்சாகியிருந்தது. ஒழுங்காகச் சோதித்தாலும் பழைய டீசல் வண்டிக்குச் சலுகை இருக்கிறது. பி.எஸ். 4 டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி வரம்பு 1.62 என்றால், அதற்கு முந்தைய வண்டிக்கு 2.45. கறுப்பாகக் கக்குகிற லாரியை மடக்கினாலும் டிரைவர் சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

ரோட்டில் நிறுத்திச் சோதிப்பது நடக்கிற காரியம் இல்லை, ஏற்கெனவே வரிசை மணலி வரை நிற்கிறது. ஆனால் துறைமுக வாசலில் நம்பர் பதியாமல் எந்த லாரியும் உள்ளே போக முடியாது. அந்த நம்பரைத் தட்டினால் எந்த வருஷ வண்டி, பி.எஸ். எத்தனை, பொல்யூஷன் சர்டிபிகேட் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் வண்டிப் பதிவு விவரம் எல்லாம் இருக்கிற மத்திய அரசின் வாகன் தளத்தில் வந்துவிடும். 2025 நவம்பர் 1 முதல் வெளிமாநிலத்தில் பதிந்த பி.எஸ். 3 சரக்கு வண்டிகளை டெல்லி எல்லையிலேயே நிறுத்துகிறார்கள், பி.எஸ். 4-க்கு மட்டும் ஒரு வருஷம் தவணை கொடுத்தார்கள். இங்கேயும் தவணை கொடுக்கட்டும். ஒரே ஒரு லாரியை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் எத்தனையோ பேர், அவர்களை ஒரே ராத்திரியில் தெருவில் நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணூர் துறைமுகம் மத்திய அரசுடையது, போக்குவரத்துத் துறை மாநில அரசுடையது என்று ஒருவரை ஒருவர் கைகாட்ட மட்டும் வேண்டாம். எண்ணூர் வாசலில் ஒரு வாரம் செய்து பார்க்கட்டும், எத்தனை பழைய லாரி உள்ளே போகிறது என்ற கணக்கையாவது எங்களுக்குச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவொற்றியூர், சென்னை-19