ஏன் மூடினார்கள் என்று கேட்டீர்களே

சே.ம.சூ.

மூரா, மேற்கு ஆஸ்திரேலியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். அம்மாவின் முட்டிக்குப் புது மருந்து ஒத்துக்கொள்கிறதா? தைலத்தையே நம்பியிருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போன வாரம் போனில், இங்கே பக்கத்து ஊரில் மூடிவிட்ட விடுதிப் பள்ளியைப் பற்றிப் பேசும்போது, "அவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்தை எதுக்குடா மூடினாங்க?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. நீங்கள் தலைமையாசிரியராக இருந்த நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து விடுதியை இந்த வருஷத்தோடு நிறுத்தப்போகிறார்கள் என்று தம்பி பிறகுதான் சொன்னான். நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. இது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அறுவடை முடிந்து பட்டறையில் வேலையும் குறைந்திருக்கிறது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த ஊர் நியூ நார்சியா. நான் இருக்கும் மூராவுக்குத் தெற்கே, காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பெர்த்திலிருந்து வந்தால் 132 கிலோமீட்டர். சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கம்பைன், டிராக்டர் பழுதானால் எங்கள் முதலாளி என்னைத்தான் அனுப்புவார், அப்படித்தான் அந்தப் பக்கம் போகத் தொடங்கினேன். வழியெல்லாம் அறுத்த கோதுமைத் தாள், செம்மறி ஆடு, யூக்கலிப்டஸ் மரம். வேறொன்றும் கிடையாது. திடீரென்று ஒரு வளைவு தாண்டியதும் கோபுரமும் வளைவு வாசலும் மாடித் தாழ்வாரமுமாக ஸ்பெயின் நாட்டுக் கட்டடங்கள் எழுந்து நிற்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு வழி மாறி வந்துவிட்டோமோ என்றுதான் தோன்றும். 2017 வரை ரோடு டிரெயின் என்கிற நீள நீள லாரிகள் ஊர் நடுவிலேயே போய்க்கொண்டிருந்தனவாம். இப்போது புறவழிச்சாலை வந்துவிட்டது. மணிச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது.

ஊர் முழுக்கப் பெனடிக்டின் துறவிகளுடையது. நம் ஊரில் ஆசீர்வாதப்பர் என்போமே, அவருடைய சபை. அவர் பிறந்த இத்தாலிய ஊர் நோர்சியா என்பதால் இதற்கு இந்தப் பெயர். தொடங்கியவர்கள் ரொசெந்தோ சால்வாதோ, ஜோசப் செர்ரா என்ற இரண்டு ஸ்பானியர்கள். 1835-ல் ஸ்பெயின் அரசாங்கம் மடங்களை மூடிவிட, போக்கிடமில்லாமல் இத்தாலிக்குப் போய், அங்கிருந்து 1846 ஜனவரியில் கப்பலில் இங்கே வந்து இறங்கியவர்கள். அவர்களும் பிழைப்பு தேடி வந்தவர்கள் போலத்தான் அப்பா, விசா மட்டும் கிடையாது.

வந்த சில மாதங்களிலேயே சாப்பாட்டுக்கு வழியில்லை. சால்வாதோ காட்டிலிருந்து பெர்த்துக்கு நடந்தே போனார். அவருக்குப் பியானோ நன்றாக வரும். மே மாதம் ஒரு கச்சேரி வைத்தார். கவர்னர் இடம் கொடுத்தார், கன்னியாஸ்திரிகள் பியானோ கொடுத்தார்கள், ஆங்கிலிக்கன் சபைக்காரர்கள் மெழுகுவர்த்தித் தண்டுகளைக் கடன் கொடுத்தார்கள், ஒரு யூதர் வாசலில் நின்று ஆட்களை உட்கார வைத்தார். கிழிந்த அங்கியும் பிய்ந்த காலணியுமாக உட்கார்ந்து வாசித்து, அந்தப் பணத்தில் சாமான் வாங்கிக்கொண்டு மறுபடி காட்டுக்கு நடந்தார். 1847 மார்ச் 1-ல் மடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

அடுத்தது நீங்கள் சிரிப்பீர்கள். 1849-ல் ரோமாபுரி அவரை வடக்கே போர்ட் விக்டோரியா என்ற இடத்துக்கு ஆயராக நியமித்தது. அவர் போவதற்குள் அந்தக் குடியேற்றத்தையே கலைத்துவிட்டார்கள். ஆளில்லாத ஊருக்கு ஆயர்! மனுஷன் அலட்டிக்கொள்ளாமல் நியூ நார்சியாவுக்கே திரும்பி வந்து, 1900 டிசம்பரில் ரோமில் கண்மூடும்வரை இந்த வேலையைத்தான் பார்த்தார்.

வேலை என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். இந்த நிலம் யூயெட் மக்களுடையது. இந்தத் தென்மேற்குப் பகுதிப் பழங்குடியினரைப் பொதுவாக நூங்கார் என்பார்கள், அதில் ஒரு பிரிவு. சால்வாதோ அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டார், அவர்களோடு காட்டில் அலைந்தார். குடும்பம் குடும்பமாகக் குடியிருக்க வீடு கட்டிக் கொடுத்தார். உழவு, ஆடு மேய்ப்பு, ரோமம் கத்தரிப்பு என்று கூலிக்கு வேலை கொடுத்தார். தந்திக் கம்பி இந்த வழியாக வந்தபோது தானே மோர்ஸ் என்கிற தந்திக் குறியீட்டைக் கற்று, மேரி எலன் கியூப்பர் என்ற பழங்குடிப் பெண்ணுக்கும் கற்றுக் கொடுத்தார். 1870-களில் இந்த ஊர்த் தந்தியையும் தபாலையும் கவனித்தது அந்தப் பெண்தான். தனக்குப் பிறகு இருக்கட்டும் என்று இன்னொரு பெண்ணையும் பழக்கிவிட்டு, 1877-ல் சின்ன வயதிலேயே இறந்துபோனார். இப்போது அதே ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 35 மீட்டர் அகலத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, செவ்வாயைச் சுற்றும் கலத்தோடெல்லாம் பேசுகிறது. அந்தப் பக்கம் போகும்போது எனக்கு கியூப்பர் ஞாபகம்தான் வரும்.

தம்பிக்கு இதைச் சொல்லுங்கள்: 1879 வாக்கில் இங்கே பழங்குடிப் பையன்களின் கிரிக்கெட் அணி ஒன்று இருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் பயிற்சி கொடுத்தார். இங்கிருந்து பெர்த்துக்கு நடந்தே போய் விளையாடி ஜெயித்திருக்கிறார்கள். தோற்கடிக்க முடியாதவர்கள் என்றே பட்டப்பெயர். நம் பையன்கள் பஸ்ஸுக்குக் காசில்லை என்று மேட்சையே விட்டுவிடுவார்களே!

இவ்வளவு நல்லதைச் சொன்னதால் சால்வாதோவை ஒரேயடியாகப் புனிதராக்கிவிட மாட்டேன். 1849-ல் கொனாச்சி, டிரிமேரா என்ற இரண்டு சிறுவர்களைத் துறவிகளாக்கப் படிக்க வைக்கலாம் என்று இத்தாலிக்குக் கூட்டிப்போனார். பாப்பரசர் கையாலேயே அங்கி போட்டார்கள். கொனாச்சி 1853-ல் ரோமில் இறந்தான். டிரிமேரா நோயாளியாகத் திரும்பி வந்து 1855-ல் இறந்தான். இந்த மடத்தின் முதல் மாணவர்கள் என்று அவர்களைத்தான் சொல்ல வேண்டும். அவர்களைப் பெற்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சால்வாதோவுக்குப் பின் வந்த மடாதிபதி டாரெஸுக்குக் கட்டடம் கட்டுவதில் பெரிய ஆர்வம். வெள்ளைக்காரக் குடியானவர்களின் பிள்ளைகளுக்காக இரண்டு விடுதிப் பள்ளிகள் எழுப்பினார். பெண்களுக்குப் புனித கெர்ட்ரூட், 1908. பையன்களுக்குப் புனித இல்டிபோன்சஸ், 1913. நான் முதலில் எழுதிய அந்தக் கோபுரமும் தாழ்வாரமும் இவைதான். பெண்கள் பள்ளியைக் கன்னியர்களும், பையன்கள் பள்ளியை மரிஸ்ட் சபைத் துறவுச் சகோதரர்களும் நடத்தினார்கள். நூறு மைல் தள்ளிப் பண்ணை வைத்திருந்தவன் பிள்ளையை வேறெங்கே படிக்க வைப்பான்? பள்ளி நிரம்பி வழிந்தது. பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் தங்குவதற்கென்றே 1927-ல் மாடி வைத்த பெரிய விடுதி ஒன்று கட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு தார் ரோடு வந்தது, வீட்டுக்கு வீடு கார் வந்தது. பக்கத்து ஊர்களில் அரசாங்க உயர்நிலைப் பள்ளி வந்தது. வசதியுள்ளவர்கள் பெர்த்துக்கே அனுப்பினார்கள். பண்ணைகள் பெருத்து, குடும்பங்கள் குறைந்தன. பாடம் நடத்தச் சகோதரர்களும் கன்னியர்களும் கிடைக்கவில்லை, சம்பளத்துக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகவில்லை. 1970-களில் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தார்கள். 1991-ல் மூடிவிட்டார்கள். இந்தக் காரணங்களில் பாதியை நீங்கள் ஏற்கெனவே நம் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் அது ஒரு பள்ளியின் கதை. அதே தெருவில் இன்னும் இரண்டு கட்டடங்கள் உண்டு: புனித மரியாள், புனித சூசையப்பர். பழங்குடிப் பிள்ளைகளுக்கான இல்லங்கள். அனாதை இல்லம் என்று பெயர், ஆனால் உள்ளே இருந்த பல பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் உயிரோடு இருந்தார்கள். 1905-ல் வந்த சட்டம், இந்த மாநிலத்தில் 16 வயதுக்குட்பட்ட பழங்குடிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அரசாங்க அதிகாரிதான் பாதுகாவலர் என்றது. பெற்றவர்கள் சம்மதம் தேவையில்லை. பிடுங்கிக்கொண்டு வந்து இப்படிப்பட்ட இல்லங்களில் விட்டார்கள். 1970-கள் வரை நடந்தது. இங்கே வளர்ந்த பிள்ளைகள் அடிபட்டதையும் கெடுக்கப்பட்டதையும் பெரியவர்களானபின் வாய்விட்டுச் சொன்னார்கள். சிறுவர் பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணைக்குழு 2017-ல் அறிக்கை கொடுத்தபோது, கத்தோலிக்க நிறுவனங்களிலேயே மிக அதிக விகிதத்தில் குற்றச்சாட்டு வந்தவற்றில் இந்த மடமும் இருந்தது. மடாதிபதி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டலாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் துறவிகளின் சிலுவைகள் வரிசையாக நிற்கின்றன. பழங்குடியினர் பலரை அடக்கம் செய்த இடத்தில் பெயர் எழுதிய கல் இல்லை, வெறும் புல் தரை.

இப்போது துறவிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், பெரும்பாலும் வயதானவர்கள். ஆனாலும் மணிக்கணக்கு மாறவில்லை. விடிகாலை 5:15-க்கு முதல் ஜெபம், இரவு தூங்கப்போகும் முன் கடைசி ஜெபம், நடுவில் பூசையோடு சேர்த்து மற்றவை. விருந்தினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது மாலை ஜெபத்துக்குப் போனேன். இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்று சங்கீதத்தை வரி வரியாக மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். ஒவ்வொரு வரியின் நடுவிலும் ஒரு மூச்சு நிறுத்தம். முதலில் எனக்குத் தாங்கவில்லை, அடுத்த பாதியை நானே முந்திச் சொல்லிவிட்டேன். "பிதாவுக்கும் சுதனுக்கும்" வரும்போது எல்லாரும் இடுப்பு வரை குனிகிறார்கள். கைத்தடி ஊன்றிய ஒருவர், பக்கத்து இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் நிமிர்ந்த பிறகும் மெதுவாக நிமிர்ந்துகொண்டிருந்தார். யாரும் அவசரப்படவில்லை. அவர் நேராக நின்றபின்தான் அடுத்த சங்கீதம்.

மதியச் சாப்பாட்டில் பேச்சு கிடையாது. ஒருவர் புத்தகம் வாசிக்க மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். சூப், ரொட்டி, இவர்கள் தோட்டத்து ஆலிவ் எண்ணெய். உப்பு வேண்டுமென்றால் கைகாட்ட வேண்டியதில்லை, பக்கத்திலிருப்பவர் பார்த்துத் தள்ளிவிடுவார். காரம் மட்டும் அறவே இல்லை. அம்மா அனுப்பிய மிளகாய்ப்பொடியைப் பையில் வைத்துக்கொண்டு எடுக்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு விஷயம் உங்களுக்கு. இங்கே ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. துறவிகள் தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, யாருக்கு என்ன கூலி, யார் எப்போது பள்ளியில் சேர்ந்தார். மிச்சம் இருப்பதில் யூயெட் மக்கள் இன்று தேடி வருவது இந்த ஏடுகளைத்தான். பாட்டியின் தகப்பன் பெயர், பிரித்து வைக்கப்பட்ட அக்கா எந்த வருஷம் எங்கே அனுப்பப்பட்டாள், நிலம் எங்களுடையதுதான் என்று வழக்குப் போட என்ன சான்று என்று கேட்டு வருகிறார்கள். தங்களைப் பூட்டி வைத்தவர்கள் எழுதிய கணக்கிலேயே தங்கள் சொந்தக்காரர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன் அப்பா. நம் விடுதியின் சேர்க்கைப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன? நீங்கள் தலைமையாசிரியராக இருந்தபோது பழைய அலுவலக அறையில் மர பீரோவில் இருந்தன, கீழ்த்தட்டில் கரையான் ஏறியிருந்தது. வெளியூருக்கு வேலைக்குப் போன அப்பன் ஆத்தாள் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே வளர்ந்தார்கள்! கட்டடத்தை யாருக்கு வாடகைக்கு விட்டாலும் விடட்டும், பழைய பேப்பர்காரனுக்கு அந்த ஏடுகளைப் போட விடாதீர்கள். பங்குச் சாமியாரிடம் பேசுங்கள். அவர் இழுத்தடித்தால் ஆயர் இல்லத்துக்கு எழுதுங்கள், உங்கள் கையெழுத்துக்கு இன்னும் மரியாதை உண்டு. தம்பியை விட்டு ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு ஆகிற செலவை நான் அனுப்புகிறேன்.

இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமை போட்டுவிட்டேன், வந்ததா என்று பாங்கில் பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக மறக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்