டப்பாவின் முன்பக்கத்தில் எழுதுங்கள்

மால்ட் பவுடர் தயாரித்து விற்கும் கம்பெனிகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதை நான் விளக்க வரவில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். ஒரு தம்ளருக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று டப்பாவின் முன்பக்கத்தில், தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில் எழுதுங்கள்.

ஏழாவது படிக்கிற என் மகனுக்குப் போன வருஷம் பின்கழுத்து கறுத்துக்கொண்டே வந்தது. அழுக்கு என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்து, பயத்தமாவு போட்டு, அதற்கும் போகவில்லை என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். "எரியுதும்மா" என்பான். "தினமும் ஒழுங்கா குளிச்சா இந்த வேலை எதுக்கு?" என்று அதட்டுவேன். பங்குனி வெயிலிலும் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போக ஆரம்பித்தான். கடைசியில் காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, "இது அழுக்கு இல்லம்மா, இன்சுலின்" என்றார். உடம்பு இன்சுலினுக்கு மசியாதபோது கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. அந்த மிகுதி தோலைத் தடிக்கவைத்துக் கறுக்கச் செய்கிறது. ஸ்கேனில் கல்லீரலிலும் கொழுப்பு. வயது பன்னிரண்டு.

"பையன் என்ன சாப்பிடுகிறான்?" என்று கேட்டபோது, "காலையும் சாயங்காலமும் பால், அதுல சத்து பவுடர்" என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

அன்றைக்குத்தான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். எறும்பு அளவு எழுத்தில் ஓர் அட்டவணை: 100 கிராமில் சர்க்கரை 34 கிராம். ஒரு வேளைக்கு 20 கிராம் போடச் சொல்லியிருக்கிறீர்கள். எந்த வீட்டில் 20 கிராம் போடுகிறார்கள்? கேக் செய்ய வாங்கிய தராசில் நான் வழக்கமாகப் போடுகிற இரண்டு குவித்த கரண்டியை வைத்துப் பார்த்தேன், 30 கிராம். அதில் சர்க்கரை 10 கிராம். பவுடரில் இனிப்பு இருப்பது தெரியாமல் (தெரிந்தும்தான், பழக்கம்) மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரை வேறு, அது 5 கிராம். இரண்டு தம்ளருக்குச் சர்க்கரை 30 கிராம், மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 5-க்குள் என்றால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டது. 5 சதவீதம் என்றால் என் மகன் வயதுக்கு இருபது சொச்சம் கிராம். அதை இந்தப் பாலே தாண்டிவிட்டது.

சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பின் எல்லாப் பாகமும் செலவழிக்கும். பிரக்டோஸில் பெரும்பகுதி கல்லீரல் தலையில் விழுகிறது. அளவுக்கு மேல் போனால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது. இன்சுலின் ஏறி நிற்கும்வரை, சேர்த்த கொழுப்பைக் கரைக்கவும் உடம்பு தயங்கும். நான்கு இட்லி தின்றால் போதும் என்கிற வயிறு, குடித்த சர்க்கரையை அவ்வளவாகக் கணக்கில் வைப்பதில்லை. அரை மணி நேரத்தில் "பசிக்குதும்மா" என்று வந்து நிற்பான். வளர்கிற பிள்ளை என்று பூரி போடுவேன்.

பழி முழுக்க உங்கள்மேல் இல்லை. பூரி நான் போட்டது. டியூஷனுக்காக விளையாட்டை நிறுத்தியதும் நான்தான். ஆனால் அதிரசம் சுடும்போது அது வெல்லமும் எண்ணெயும் என்று தெரிந்தே சுடுகிறேன். என் பிள்ளை உயரமாவான் என்று எந்த அதிரசமும் என்னிடம் சொன்னதில்லை. நீங்கள் சொன்னீர்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒன்றே கிடையாது, இந்தப் பானங்களை அந்த வரிசையிலிருந்து எடுங்கள் என்று இணையக் கடைகளுக்குச் சொன்னதும், உங்களில் ஒரு பெரிய கம்பெனி உடனே தன் பானத்தின் வகைப் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாற்ற அத்தனை சுறுசுறுப்பு! சிலி நாட்டில் 2016-லிருந்து சர்க்கரை மிகுந்த பொட்டலத்தின் முகத்திலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கை அச்சாகிறது. அங்கே கம்பெனிகள் எல்லாம் மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை.

கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். பவுடரை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. விலையைக் குறைக்கவும் வேண்டாம். எத்தனை ஸ்பூன் என்று முன்பக்கத்தில் எழுதுங்கள், கிராமில் அல்ல, ஸ்பூனில். தயவுசெய்து.

எங்கள் வீட்டு டப்பாவில் இப்போது துவரம்பருப்பு இருக்கிறது. கழுத்து கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். பையன் இன்னும் மேல் பட்டனைக் கழற்றுவதில்லை.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா