செயலாளரின் ஆண்டறிக்கை: சஞ்சிகையும் சாசன ஆய்வும்

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. சித்திரையில் மட்டும் புத்தாண்டு விடுமுறையால் கூடவில்லை. வரவு விபரமும் தீர்மானங்களும் பதிவேட்டில் இருக்கின்றன. விரும்பியவர்கள் எடுத்துப் பார்க்கலாம். அவற்றை இங்கே வாசித்து நேரத்தை எடுக்க விரும்பவில்லை. நமது வட்டத்தின் சஞ்சிகை, பல்கலைக்கழகப் பிராந்தியக் கற்கைகள் நிலையத்தோடு சேர்ந்து நடத்தும் சாசன (கல்வெட்டு) ஆய்வு, இந்த இரண்டைப் பற்றியும் விரிவாகச் சொல்ல இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த சிலர், நிலையத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். வெளியீடுகளையும் ஆய்வுத் திட்டங்களையும் ஒருங்கிணைப்பது என் வேலை. பிராந்தியக் கற்கை என்பது ஒரு பாடமல்ல. ஒரு நிலப்பரப்பை எடுத்துக்கொண்டு, அதன் மொழி, வரலாறு, வணிகம், சமயம், கடல் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பது. அமெரிக்காவில் 1958இல் வந்த தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் இதற்குப் பணம் ஒதுக்கியது. சிங்கப்பூரில் தென்கிழக்காசியக் கற்கைகளுக்கென்றே 1968இல் ஒரு நிறுவனம் எழுந்தது. நம்முடைய ஆட்களும் பின்தங்கி நிற்கவில்லை. பேராதனையில் விரிவுரையாளராக இருந்த தனிநாயகம் அடிகள் 1952இலேயே தமிழியலுக்காக ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவர் அவர். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. நான்காவது 1974இல் யாழ்ப்பாணத்தில். தமிழை உலகம் அறிய வேண்டும் என்பதற்காக அவர் ஆங்கிலத்தில் எழுதினார். அது அன்றைய தேவை. இன்றைய தேவை மறுபக்கம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நம்மைப் பற்றி உலகம் எழுதியவை தமிழுக்குத் திரும்பி வர வேண்டும். இந்த வருடம் நாம் செய்த எல்லா வேலைக்கும் அடியில் இருந்தது இந்த எண்ணம்தான்.

சாசன ஆய்வுக்கு வருகிறேன். வணிகக் கணங்கள், அதாவது அந்தக்கால வணிகர் குழுக்கள், விட்டுச் சென்ற தமிழ்ச் சாசனங்களை இலங்கையிலிருந்து கடல் தாண்டித் தொடர்ந்து படிப்பது திட்டம். பதவியா, வாகல்கட, பொலன்னறுவை ஆகிய இடங்களில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கணத்தின் பெயர் வருகிறது. அதே ஐந்நூற்றுவர் சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாரூசுக்குப் பக்கத்தில் லோபு துவாவில் கிடைத்த கல்லிலும் இருக்கிறார்கள். அதன் காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. தென் தாய்லாந்தின் தக்குவாப்பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல், அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் என்ற இன்னொரு வணிகக் கணத்தின் காவலில் விட்டதைச் சொல்கிறது. சீனத்தில் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சிவன் கோயில் பற்றியது. யோசித்துப் பாருங்கள்: தாய்லாந்தில் ஒரு குளம் வெட்டி அதற்குத் தமிழில் காவல் ஏற்பாடு செய்து எழுதி வைத்திருக்கிறார்கள்! இவற்றில் பலவற்றை ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் மீண்டும் வாசித்து ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். கொழும்பில் தமிழ் மொழிமூலம் வரலாறு படிக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த வாசிப்புகள் சுலபமாகக் கைக்கு எட்டுவதில்லை. மூலம் தமிழ், விளக்கம் மட்டும் ஆங்கிலம். இந்த நிலை எனக்கு மனவருத்தம் தருகிறது.

திட்டத்தின் முதல் வேலையாக, மாணவர்களைத் தேசிய நூதனசாலைக்கு அழைத்துப் போனோம். காலி மும்மொழிச் சாசனத்தைப் பார்க்கத்தான். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நிறுத்திய கல் அது. 1409 என்ற காலக்குறிப்பு அதில் இருக்கிறது. 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் கண்டெடுக்கும்போது, எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து மதகு மூடியாகக் கிடந்தது. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி இலங்கையின் தென்கரையில் உள்ள தேவந்துறையில் கோயில் கொண்ட தெய்வத்துக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே வருகின்றன.

நேராக நின்று பார்த்தால் தமிழ் எழுத்து அவ்வளவாகத் தெரியவில்லை. ஒரு மாணவி கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்தாள். வெட்டுகளுக்குள் நிழல் விழுந்ததும் வரிகள் எழுந்து நின்றன. அவள் ஓர் எழுத்தைச் சொன்னாள், இன்னொருவர் இல்லை என்றார், மூன்றாமவர் குறிப்பேட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டார். அரை மணி நேரத்தில் அரை வரிதான் முடிந்தது. தொல்லியல் அறிஞர் பரணவிதான வெளியிட்ட வாசிப்பை அதற்குப் பிறகுதான் கையில் கொடுத்தேன். முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் கல்லைப் பார்த்திருக்க மாட்டார்கள், அச்சடித்த வரியைத்தான் பார்த்திருப்பார்கள். அடுத்த வருடமும் இதே முறையில் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம்.

சஞ்சிகையின் இரண்டாவது இதழ் பிந்தி வந்தது. காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டுரையாளர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நீண்ட காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிப் பழகியவர். நாங்கள் ஒருங்குறியில் (யூனிகோட்) பக்கம் அமைக்கிறோம். பாமினியில் கொம்பை முதலில் தட்டி, எழுத்தைப் பிறகு தட்டுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கு அது. ஒருங்குறியில் மெய் முதலில், கொம்பு பின்னால் பதிவாகும். மாற்றும் மென்பொருள் இந்த இடத்தில் தவறினால் கொம்பு தனியே நின்றுவிடும். ஆவணியில் புரூப் வந்தபோது முதல் பக்கத்திலேயே 'ெகாழும்பு' என்றும் 'ேதவந்துறை' என்றும் கிடந்தன. அநாதையான ஒவ்வொரு கொம்புக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம். அடிக்குறிப்புகளின் நிலை அதைவிட மோசம். ஆங்கில நூற்பெயர்களும் மாற்றத்துக்குள் அகப்பட்டு, பொருளில்லாத தமிழ் எழுத்துக் குவியலாகிவிட்டன. மாற்றியதை முழுதாக வாசிக்காமல் அச்சகத்துக்கு அனுப்பியது நான். அச்சகத்திலும் தவறில்லை, அந்த ஐயாவிலும் தவறில்லை. கட்டுரையை நானும் இரண்டு உறுப்பினர்களும் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, கையெழுத்துப் பிரதியோடு வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்தினோம். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் திரையில் பார்க்க, மூன்றாமவர் எண்களையும் ஆண்டுகளையும் மட்டும் கவனிக்க. இனி எந்தக் கட்டுரையும் இப்படி வாய்விட்டு வாசிக்கப்படாமல் அச்சுக்குப் போகாது. செயற்குழு இதைத் தீர்மானமாகவே எடுத்திருக்கிறது.

அந்த இரண்டு ஞாயிறுகளில் இன்னொன்றும் புலப்பட்டது. ஒரே இதழில் ஐந்நூற்றுவர், ஐஞ்ஞூற்றுவர், ஐநூற்றுவர் என்று மூன்று விதமாக அச்சேற இருந்தது. கல்லில் உள்ளதை மேற்கோளுக்குள் கல்லில் உள்ளபடியே விடுவது, கட்டுரையாளரின் சொந்த வசனத்தில் 'ஐந்நூற்றுவர்' என்று ஒரே வடிவத்தில் எழுதுவது என்று முடிவு செய்தோம். சிறிய விடயம்போலத் தெரியும். ஆனால் நாளைக்கு ஒருவர் கணினியில் தேடும்போது மூன்றில் ஒன்றுதான் அகப்படும். 'ஸ்ரீ' என்ற எழுத்தைக்கூட ஒருங்குறியில் இரண்டு விதமாகப் பதியலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடலில் மட்டும் ஒன்று கிடைக்காமல் போகும். அதனால் பெயர்களுக்கும் எழுத்துகளுக்கும் ஒரு நடைக்கையேடு தயாரித்தோம். இப்போதைக்கு எட்டுப் பக்கம். கட்டுரை எழுத உட்காரும் முன்பே அதை எழுத்தாளர் கையில் கொடுக்க வேண்டும், எழுதி முடித்த பிறகல்ல. ஆய்வு முடிந்த பிறகு தொடங்கும் வேலை என்று பதிப்பை நினைத்ததால்தான் இவ்வளவு சிரமம் வந்தது.

ஒவ்வொரு கட்டுரையையும் எழுதியவர் பெயர் தெரியாமல் இருவர் மதிப்பிடுகிறார்கள். இதில்தான் நமக்குப் பெரிய இடர்ப்பாடு. தமிழில் கல்வெட்டியல் மதிப்பீடு செய்யக்கூடியவர்கள் குறைவு, அவர்களிடமே எல்லோரும் போகிறார்கள். இளம் விரிவுரையாளர்களுக்கு, பதவி உயர்வில் ஆங்கிலக் கட்டுரைக்குக் கிடைக்கும் பெறுமதி தமிழ்க் கட்டுரைக்கும் கிடைக்குமா என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், குடும்பம் உள்ளவர்கள். அவர்களிடம் இப்படிக் கேட்டேன்: ஆங்கிலத்தில் எழுதுங்கள், சரி; அதே ஆய்வின் தமிழ் வடிவத்தை நமக்குத் தாருங்கள், சுருக்கமாக இருந்தாலும் போதும். இரண்டு பேர் தந்திருக்கிறார்கள். இருவரும், தமிழில் எழுதும்போதுதான் தங்கள் வாதத்தில் ஓட்டை எங்கே என்று தெரிந்தது என்று சொன்னார்கள். ஆங்கிலக் கலைச்சொல்லின் பின்னால் ஒளிந்திருந்த இடம் தமிழில் வெளியே வந்துவிட்டது.

இந்த இதழிலிருந்து எல்லாக் கட்டுரைகளுக்கும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் சேர்த்திருக்கிறோம். பதவியாவைப் பற்றி நாம் எழுதுவதை அந்த ஊரில் வாழ்பவர்களும் வாசிக்க வேண்டும் அல்லவா? சிங்களச் சுருக்கங்களைச் செய்து தந்த நண்பர்கள் கூலி எதுவும் வாங்கவில்லை. ஒருவர், தமிழ்ச் சொல் ஒன்றின் பொருள் கேட்டு இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்த அக்கறைக்கு இந்தச் சபை எழுந்து நின்று நன்றி சொன்னாலும் தகும்.

அச்சானதைக் காப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது 97,000 அளவிலான நூல்கள் போயின. ஒரே பிரதி ஓரிடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூல்களுக்கான சர்வதேச இலக்கத்தை, சுதந்திர அவென்யூவில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் பெறுகிறோம். சட்டப்படி ஒப்படைக்க வேண்டிய பிரதிகளும் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. அதோடு நிறுத்தாமல், 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்கும், யாழ்ப்பாணம், பேராதனை, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் உள்ள பல்கலைக்கழக நூலகங்களுக்கும் பிரதிகள் அனுப்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1962இல் புதுடில்லியில் அலுவலகம் திறந்து தெற்காசிய நூல்களை வாங்கிச் சேர்க்கத் தொடங்கியது. நம் பக்கத்துப் புத்தகங்களைத் தேடி அங்கே போக வேண்டியிருப்பதைப் பற்றிக் குறைப்படுகிறோம். அவர்கள் வாங்கினார்கள், பட்டியலிட்டார்கள், வைத்திருக்கிறார்கள். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் தருவார். அச்சுச் செலவு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 பங்குனியில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போனது நினைவிருக்கும். தாள் இப்போது கிடைக்கிறது, ஆனால் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2024 தை முதலாம் திகதி தொடக்கம் வற் வரியும் 18 வீதம். பக்கத்தைக் குறைக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. படங்களைக் குறைக்க நான் சம்மதிக்கவில்லை. கல்லின் படம் இல்லாமல் வாசிப்பை மட்டும் அச்சிட்டால், வாசகர் எங்களை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல் போய்விடும். பிரதிகளின் எண்ணிக்கையைக் குறைத்தோம்.

வரும் வருடத்துக்கு ஒரேயொரு திட்டம் வைக்கிறேன். லோபு துவா, தக்குவாப்பா, சுவான்சௌ, காலி ஆகிய நான்கு சாசனங்களையும் படம், மூலம், இன்றைய தமிழில் உரை, சொல்லடைவு ஆகியவற்றோடு ஒரு சிறு நூலாகக் கொண்டுவருவது. உயர்தர மாணவர் ஒருவர் யாருடைய உதவியும் இல்லாமல் வாசிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். புதிய திட்டங்கள் வேறு எதையும் இந்த வருடம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீருக்கு எப்போதும் முன்நிற்கும் உறுப்பினர்களுக்கும், அச்சகத் தம்பிமாருக்கும் நன்றி. அப்புறம், மூன்றாவது இதழின் முதல் புரூப் கதவோரம் மேசையில் இருக்கிறது. ஒரு கட்டுரைக்கு இருவர் வேண்டும், ஒருவர் உரக்க வாசிக்க. பெயரை எழுதிவிட்டு எடுத்துச் செல்லுங்கள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வெள்ளவத்தையில் சந்திப்போம்.

செயலாளர்
கொழும்பு