வேளாங்கண்ணியை ‘வளோங்கண்ணி’ ஆக்கிய ஸ்டென்சில்: புகார்

குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்
ஜூலை 18

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

விசைப்படகு ஒன்றில் பெயர் எழுத உங்களிடம் 1,850 ரூபாய் கட்டி மைலார் ஸ்டென்சில், அதாவது எழுத்து வடிவம் வெட்டிய பிளாஸ்டிக் ஷீட், வாங்கினேன். பெயர் ‘அன்னை வேளாங்கண்ணி’. வாட்ஸ்அப்பில் வந்த மாதிரிப் படம் சரியாக இருந்ததால்தான் ஓகே சொன்னேன். ஷீட்டில் வெட்டியிருப்பது வேறு. வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய், அடுத்த ளகரத்தோடு ஒட்டிக்கொண்டது. படித்தால் ‘வளோங்கண்ணி’. ‘அன்னை’யின் சங்கிலிக் கொம்பும் கடைசியில் தனியாகத் தொங்குகிறது.

அடிக்கும் முன் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை, அது என் தப்புதான். சாரத்தில் நின்று முகத்துக்கு நேரே எட்டு அங்குல எழுத்து அடிக்கிறவனுக்குச் சொல் தெரியாது, ஓரம்தான் தெரியும். கீழே நின்ற பையன்தான் கேட்டான்: “அண்ணே, இது என்னது, வளோங்கண்ணியா?”

இன்னொன்று, சுழிக்குள் இருக்கும் துண்டைப் பிடித்து நிறுத்தப் பாலமே விடவில்லை. அட்டை உரிக்கும்போதே உள்துண்டுகள் உதிர்ந்துவிட்டன. மூன்று சுழி ணகரத்தில் சுழி இருக்க வேண்டிய இடத்தில் பெயிண்ட் பொட்டு!

உங்கள் பதிலில், பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷின் காற்றழுத்தம் கூடியிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். 25 பிஎஸ்ஐ அழுத்தத்தில், மெல்லிய பூச்சாக மூன்று தடவை, நேர் எதிரே பிடித்து அடித்தேன். ஓரம் கத்தி வைத்தது போல இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். அழுத்தம் கூடினால் ஓரம் கசியும், கொம்பு இடம் மாறாது. ஆங்கிலத்தில் வெட்டிய பதிவு எண் ஷீட்டில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் சிக்கல் உங்கள் வெட்டும் மெஷினுக்குப் போன தமிழ்ப் ஃபைலில்தான். எழுத்தை ‘கர்வ்’ ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றாமல் அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

‘ஆர்டர் கொடுத்துச் செய்தது, திருப்ப முடியாது’ என்கிறீர்கள். சரி, நான் ஆர்டர் கொடுத்தது இதையா?

மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31 வரை. அதற்குள் பழையதைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, காயவிட்டு, மறுபடி எழுதியாக வேண்டும். ஜூலை 25-க்குள் பாலம் விட்ட புது ஷீட் இலவசமாக வர வேண்டும். முடியாதென்றால் 1,850 ரூபாயைத் திருப்புங்கள், கையாலேயே எழுதிக்கொள்கிறேன். எப்படியானாலும் வீணான எனாமலுக்கும் தின்னருக்கும் ஆன 640 ரூபாயை நீங்கள்தான் தர வேண்டும். பில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
படகு பெயிண்டர், குளச்சல்